கிளாசிக்கா, புதுசா? பதினைந்து வயது வாசகிக்கு எந்த நாவல்?

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "மகளுக்கு 15 வயது, மகனுக்கு 13. மகள் நிறைய வாசிக்கிறாள், ஆனால் எல்லாமே இப்போது வருகிற ஆங்கில டீன்ஏஜ் நாவல்கள்தான், காதல் கதையும் ஃபேண்டஸியும். பிறந்தநாளுக்கு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தேன். நாற்பது பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விட்டது. தமிழில் வாசிக்க நேரம் பிடிக்கிறது என்கிறாள். என் கணவரோ, கிளாசிக் எதையும் படிக்காமல் இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிறார். போன வாரம் அவள் கையிலிருந்த நாவலில் தற்கொலை வருகிறது என்று தெரிந்ததும் எனக்கே பயமாகிவிட்டது. மகன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. எந்த வயதில் எதைப் படிக்கலாம் என்று, பழையதும் புதியதுமாக இருபது நாவல்களுக்கு ஒரு பட்டியல் தருவீர்களா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதில், யாரும் சொல்லாமல், தானாகவே ஒரு நாவலை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்காருகிற மகள் உங்களுக்கு இருக்கிறாள். பள்ளி நூலகராக இருபது வருடத்துக்கும் மேல் இந்த வயதுப் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன். அந்தப் பழக்கம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எத்தனை பேரிடமிருந்து சத்தமில்லாமல் கழன்று போகிறது என்று பார்த்திருக்கிறேன். உங்கள் மகளிடம் அது இன்னும் இருக்கிறது. இனி நாம் செய்வது எதுவாக இருந்தாலும் அதற்குச் சேதம் வரக்கூடாது. எனக்கு இதுதான் முதல் கணக்கு, கிளாசிக் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். வகுப்புவாரியாக எழுதி நூலகச் சுவரிலேயே ஒட்டியிருந்தேன். பதினாலு வயதுப் பையன் ஒருவன் துப்பறியும் கதைகளாக எடுத்துக்கொண்டு போவான், இரண்டு நாளில் திரும்ப வருவான், அடுத்ததைக் கேட்பான். ஒரு நாள், "இது போதும், இனிமேல் நல்லதா ஒண்ணு படி" என்று சொல்லி, பட்டியலில் இருந்த கனமான ஒரு நாவலை அவன் கையில் திணித்தேன். மூன்று வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. அவன் அந்த வருடம் முழுக்க நூலகப் பக்கமே வரவில்லை. நான் கொடுத்தது அருமையான நாவல், இன்றைக்கும் எனக்குப் பிடித்த நாவல். ஆனால் அவன் அதுவரை ஆசை ஆசையாகப் படித்ததை "நல்லது இல்லை" என்று ஒரு வார்த்தையில் நான் தள்ளிவிட்டேன் இல்லையா, அது அவனுக்கு வலித்திருக்கிறது. அன்றே பட்டியலைக் கிழித்தேன் என்று சொல்லமாட்டேன், அதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில வருடம் ஆனது. இப்போது எந்தப் பிள்ளை வந்தாலும் இரண்டு கேள்வி கேட்பேன். கடைசியாக எந்தப் புத்தகத்தைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்தாய்? அதில் எந்த இடத்தில் மூடி வைக்க மனசு வரவில்லை?

இந்த இரண்டாவது கேள்வியை உங்கள் மகளிடம் கேளுங்கள். விசாரணை மாதிரி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேளுங்கள். "காதல் கதை" என்று நாம் ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம், அவள் சொல்லப்போவது அதுவாகவே இருக்காது. முதலில் முறைத்துக்கொண்டு திரிகிற இரண்டு பேர் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வது பிடிக்கும் என்பாள். அல்லது, எல்லாரும் சரி என்று ஏற்றுக்கொண்ட ஒரு விதியை ஒருத்தி மட்டும் தவறு என்று சொல்வது பிடிக்கும் என்பாள். யாரோடும் ஒட்டாத ஒரு பையன், வீட்டுக்குள் ஒரு மரணம், தோழிகளுக்குள் நடக்கிற துரோகம், இப்படி ஏதோ ஒன்று அவளை இழுத்திருக்கும். அதுதான் அவள் மனதில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற கேள்வி. வயதைப் பார்த்து நாவலைத் தேர்ந்தெடுப்பதைவிட அந்தக் கேள்வியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கிளாசிக், புதுசு என்கிற சண்டையே பெரும்பாலும் எழாது. ஏனென்றால் அதே கேள்வியை இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் எழுதியிருப்பார், நாற்பது வருடத்துக்கு முன்னால் தமிழில் ஒருவர் எழுதியிருப்பார், போன வருடமும் ஒருவர் எழுதியிருப்பார். இரண்டை எடுத்து அருகருகே வையுங்கள். ஒன்று ஏற்கெனவே அவள் கையில் இருக்கிறது, நீங்கள் மற்றதைத் தேடினால் போதும்.

முறைத்துக்கொண்டு ஆரம்பிக்கிற காதல்தான் அவளுக்குப் பிடிக்கிறது என்றால் ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' இருக்கிறது. 1813இல் வந்த நாவல். ஒரு நடன விருந்தில் எலிசபெத்தைப் பற்றி அலட்சியமாகப் பேசுகிறவனும், அது காதில் விழுந்துவிட்ட எலிசபெத்துமாக அந்தக் கதை தொடங்கும். உங்கள் மகள் இன்று வாசிக்கிற எத்தனையோ நாவல்களுக்கு இதுதான் பாட்டி, வாசிக்கும்போது அவளே கண்டுபிடித்துவிடுவாள். முதல் சில அத்தியாயங்களில் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பும், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். இன்னும் சின்னதாக வேண்டுமா, தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்', 1848. தமிழிலும் கிடைக்கிறது. தனிமையில் கனவு கண்டுகொண்டே நாட்களைக் கழிக்கிற ஒருவன் நாஸ்தென்கா என்கிற பதினேழு வயதுப் பெண்ணைச் சந்திக்கிறான், சில இரவுகள் பேசுகிறார்கள், அவ்வளவுதான் கதை. தஸ்தயேவ்ஸ்கி என்றாலே ஆயிரம் பக்கம் என்று பயப்படுகிறவர்களிடம் இதைத்தான் கொடுப்பேன், ஒரே மாலையில் முடித்துவிட்டு வருவார்கள். அப்புறம் வைக்கம் முகம்மது பஷீரின் 'பால்யகால சகி', 1944இல் மலையாளத்தில் வந்தது, தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று வாத்தியார் கேட்க, இரண்டு ஆறு சேர்ந்தால் ஒரு பெரிய ஆறு ஆவது மாதிரி ஒரு பெரிய ஒன்று என்று சிறுவன் மஜீது பதில் சொல்கிற இடம் இந்த நாவலில்தான் வருகிறது. அதைப் படித்துச் சிரித்துவிட்டு, கடைசிப் பக்கங்களில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், என் மனதுக்கு மிக நெருக்கமான புத்தகம். 1958இல் எழுதப்பட்டது. போர்க்காலக் கிர்கீசிய கிராமம், ஆண்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டார்கள், தானிய மூட்டைகளை ரயில் நிலையத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற வேலை பெண்களுக்கும் பையன்களுக்கும் வந்து சேர்கிறது. கதையைச் சொல்கிறவன் பதின்வயதுப் பையன், சேயித். அவனுடைய அண்ணி ஜமீலா, போரில் காயம்பட்டுத் திரும்பிய, அதிகம் பேசாத தானியார் என்பவனோடு மெல்ல மெல்ல நெருங்குவதை அவன் கண் எதிரே பார்க்கிறான். குடும்பத்தின் பக்கம் நிற்பதா, தன் கண் பார்த்த உண்மையின் பக்கம் நிற்பதா என்று அவனுக்குள் நடக்கிற போராட்டம் இருக்கிறதே, பதினைந்து வயதுக்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தோன்றவில்லை. சின்னப் புத்தகம்தான், பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் நடை கொஞ்சம் விறைப்பாகத் தோன்றினாலும் பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

அநியாயத்தைக் கண்டால் கொதிக்கிற பிள்ளை என்றால் வழி வேறு. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலோடு ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' (2017) நாவலையும் சேர்த்து வாசிக்கட்டும். இரண்டும் அமெரிக்காவின் நிறவெறியைப் பற்றியவை, ஆனால் முதலாவதில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி தன் அப்பா ஒரு கறுப்பின மனிதனுக்காக வாதாடுவதைப் பார்க்கிறாள், இரண்டாவதில் பதினாறு வயதுக் கறுப்பினப் பெண் ஸ்டார் தன் கண் முன்னால் நண்பனைப் போலீஸ் சுட்டுக் கொல்வதைப் பார்க்கிறாள். யார் கதையை யார் சொல்கிறார்கள் என்கிற வித்தியாசத்தை நாம் விளக்கவே வேண்டாம், இரண்டையும் முடித்த பிள்ளை தானே வந்து பேசும். அதே சூட்டோடு பூமணியின் 'வெக்கை'யைக் கொடுங்கள். 1982இல் வந்த நாவல். பதினைந்து வயதுச் சிதம்பரம் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடுவதில் தொடங்கி, அப்பாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவதுதான் கதை. 'அசுரன்' படம் இதிலிருந்து எடுக்கப்பட்டது, அதைப் பார்த்தவர்களுக்கு நாவலுக்குள் நுழைவது இன்னும் சுலபம். சினிமா பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருவதைக் குறைவாக நினைக்காதீர்கள், படத்தில் இல்லாதது எது, மாற்றியது எது என்று தேடிக்கொண்டே வாசிப்பது மிகக் கவனமான வாசிப்பு. கூடவே பெருமாள்முருகனின் 'பூக்குழி'. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு கணவன் ஊருக்கு வருகிற சரோஜாவின் கதை, காதல் நாவல் வாசிக்கிற பெண்ணும் அநியாயத்தைக் கேட்கிற பெண்ணும் ஒரே ஆளாக இருந்தால் இதைவிடச் சரியான நாவல் கிடையாது.

ஃபேண்டஸி பற்றியும் கேட்பீர்கள். ஒரு கொடூரமான அரசு, அதை எதிர்க்கிற சின்னப் பெண், இந்த வகையை அவள் விரும்புகிறாள் என்றால் (2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' அவள் அலமாரியில் இருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்) ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' (1945) அடுத்த படி, மிகச் சின்னது, வேகமானது. அதோடு பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016). ஒரு வெள்ளாட்டுக் குட்டிதான் கதாநாயகி. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய மக்கள் வரிசையில் நிற்கிற காட்சி ஒன்று உண்டு, ஒரு அரசாங்கத்துக்குப் பயப்படுவது என்றால் என்ன என்று அந்த ஒரு காட்சி போதும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் இதே வரிசையில் வைப்பேன். ஜீனோ என்கிற இயந்திர நாய்க்காகவே பிள்ளைகள் அதைக் கீழே வைக்கமாட்டார்கள்.

உங்கள் கணவருக்கும் கொஞ்சம் பேச வேண்டும். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடந்த ஐந்தாறு வருடத்தில் வந்ததை மட்டுமே வாசித்தால் எல்லாப் பாத்திரங்களும் நம்மைப் போலவே பேசுவார்கள், நம்மைப் போலவே யோசிப்பார்கள், வேறு காலத்து மனிதர் எதை வெட்கமாக நினைத்தார், எதைப் பெருமையாக நினைத்தார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். நிதானமாக நகர்கிற கதைக்குள் பொறுமையாக உட்காரவும் பழக வேண்டும், அது பழகினால்தான் வரும். ஆனால் "இதைப் படித்து என்ன பிரயோஜனம்" என்று தொடங்கினால் கேட்கிற பிள்ளைக்குக் காது அடைத்துக்கொள்ளும். கிளாசிக் என்று இன்று நாம் மரியாதையோடு எடுக்கிற பலவும் எழுதப்பட்ட நாளில் சுடச்சுடப் புது எழுத்துதான். சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860, 61இல் வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர். மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுத உட்கார்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. எஸ்.ஈ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கியது பதினைந்து வயதில், அது 1967இல் அச்சாகி வந்தபோது அவருக்குப் பதினெட்டு. எழுதத் தொடங்கியபோது உங்கள் மகளின் வயதுதான்! இதை அவளிடம் சொல்லிவிட்டு அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். தன் வயதுப் பெண் ஒருத்தி எழுதத் தொடங்கியது என்று தெரிந்தபிறகு அவள் அதைத் திறக்கிற விதமே வேறாக இருக்கும்.

உங்கள் கணவருக்குப் பதினைந்து, பதினாறு வயதில் எந்த நாவல் பிடித்திருந்தது என்று கேளுங்கள். அந்தக் கதையை அவளிடம் சொல்லச் சொல்லுங்கள், "நீயும் படி" என்று கடைசியில் சேர்க்காமல். அப்பாவை அந்த வயதில் அழவைத்த ஒரு புத்தகம் இருந்தது என்று தெரிந்தால் போதும், அவளே அதைத் தேடி எடுப்பாள். அப்புறம், பதிலுக்கு அவள் புத்தகம் ஒன்றை அவர் முழுசாக வாசிக்கட்டும். வாசித்த பிறகு பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, அதை அவளும் மதிப்பாள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். தற்கொலை, பாலியல் வன்முறை, போதை, வீட்டுக்குள் அடி உதை, இவையெல்லாம் இன்றைய டீன்ஏஜ் நாவல்களில் வரத்தான் செய்கின்றன. கிளாசிக் என்றால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம், அங்கேயும் இதெல்லாம் உண்டு. ஒரு எடுத்துக்காட்டு, அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. நாடு விடுதலை அடைந்த சமயத்துச் செகந்திராபாத், கல்லூரிக்குப் போகிற சந்திரசேகரன், அவன் கிரிக்கெட், அவன் சைக்கிள், சுற்றிலும் நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களின் கலவரம். பதினாறு வயதுக்கு மேலான பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரே ஒரு நாவல் சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் முடிவு பெரியவர்களையே உலுக்கிவிடும், மறக்கவே முடியாது. அதைக் கொடுப்பதற்கு முன்னால் நான் வாசித்திருக்க வேண்டும், "கடைசி அத்தியாயம் கஷ்டமா இருக்கும், முடிச்சதும் வா, பேசலாம்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இதே வழியைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அவள் உங்களுக்குத் தெரியாமல் வாசிப்பாள், மனதைப் பாதிக்கிற ஒன்றைத் தனியாக வாசிப்பதுதான் உண்மையில் கெடுதல். அவள் கையிலிருந்த அந்தப் புத்தகத்தை நீங்களும் வாசியுங்கள். தற்கொலையை அது எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். விட்டுச் சென்றவர்களின் வலியைக் காட்டுகிறதா, உதவி கேட்கிற ஒரு வழியாவது அதில் இருக்கிறதா, இல்லை சாவதை அழகான ஒரு தீர்வு மாதிரி, பழிவாங்கல் மாதிரி எழுதியிருக்கிறதா? இரண்டாவது வகை என்றால் அதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள், "இந்த இடம் பொய்னு எனக்குத் தோணுது, உனக்கு?" என்று.

துக்கமான நாவலை ஒரு பிள்ளை விரும்புவதாலேயே கவலைப்படத் தேவையில்லை, அந்த வயதில் பெரும்பாலோருக்கு அது பிடிக்கும். ஆனால் சாவைப் பற்றி மட்டுமே திரும்பத் திரும்பத் தேடி வாசிக்கிறாள், தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கிறது, தோழிகளிடமிருந்து விலகுகிறாள் என்றால் அது புத்தகத்தின் விஷயம் கிடையாது. அப்போது உடனே அவளிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம், அப்படி ஆகாது.

மரணத்தைப் பற்றி நேர்மையாக எழுதப்பட்ட புதிய நாவல் ஒன்று வேண்டுமென்றால் பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011). அம்மா புற்றுநோயோடு போராடிக்கொண்டிருக்க, பதின்மூன்று வயது கானரிடம் இரவில் ஒரு பூதம் வந்து கதை சொல்கிறது. இதன் கரு ஷிவான் டவுட் என்கிற எழுத்தாளருடையது, எழுதி முடிப்பதற்குள் அவரே புற்றுநோயில் இறந்துபோக, நெஸ் அதை நாவலாக்கினார். வீட்டில் நோயாளி இருக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் தேடிப் போய்க் கொடுத்திருக்கிறேன், ஆனால் ஒருபோதும் "உனக்காகத்தான்" என்று சொல்லிக் கொடுத்ததில்லை.

தமிழ் வாசிக்க மெதுவாகிறது என்பது நிஜமான சிரமம், சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரத்தில் நாற்பது பக்கம் ஓடுகிறவள் தமிழில் பன்னிரண்டு பக்கம்தான் போகிறாள் என்றால், கதை அவளுக்கு அறுந்து அறுந்துதான் கிடைக்கும். கதை பிடிக்கவில்லை என்று அவள் நினைப்பது பல நேரம் அந்த வேகத்தினால்தான். அதனால் தமிழில் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கனத்தைப் பாருங்கள், மெலிந்த புத்தகம் வேண்டும், உரையாடல் நிறைய இருக்க வேண்டும். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', அசோகமித்திரனின் 'தண்ணீர்', மேலே சொன்ன 'பூனாச்சி', இவையெல்லாம் கைக்கு அடக்கமானவை. முடித்தேன் என்கிற உணர்வு அவளுக்கு முதலில் கிடைக்கட்டும், ஒரு தமிழ் நாவலை முழுசாக முடித்த பிள்ளை இரண்டாவதை எடுக்கும்போது வேகம் தானாகவே கூடியிருக்கும். வட்டார வழக்கில் எழுதப்பட்டவை முதலில் முரண்டு பிடிக்கும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', ஆடு மேய்க்கிற பிள்ளைகளைப் பற்றிய அற்புதமான நாவல், அதைத் தானாக எடுத்து வாசித்துத் திணறிய பிள்ளைகளிடம் முதல் அத்தியாயத்தை நான் சத்தமாக வாசித்துக் காட்டியதும் அந்தப் பேச்சு காதில் உட்கார்ந்து, மிச்சத்தை அவர்களே வாசித்துக்கொண்டார்கள். வட்டார வழக்கைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் புரிந்துகொள்ளும். பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவதா என்று கூச்சப்படாதீர்கள், இரவில் பத்து நிமிடம் போதும்.

பழைய நாவல்களில் சாதியைப் பற்றி, பெண்களைப் பற்றி, இன்று நமக்கு உறுத்துகிற வரிகள் வரும். அவள் கவனிப்பாள், கோபப்படுவாள். "அந்தக் காலம் அப்படி" என்று மூடிவிடாதீர்கள். அந்தக் கோபம் நல்ல வாசகியின் கோபம்.

உங்கள் மகன். பதின்மூன்று வயதில் புத்தகத்தைத் தொடாத பையனுக்கு நாவலை நேராக நீட்டினால் பயன் இருக்காது. காமிக்ஸ், விளையாட்டு வீரர்களின் கதை, எது அவனை இரண்டு பக்கம் திருப்ப வைக்கிறதோ அதில் தொடங்குங்கள். படக்கதை வாசிப்பே இல்லை என்கிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' படக்கதைதான், அதற்கு 1992இல் சிறப்புப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். நாவலுக்கு அவன் தயாரானதும் லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்' (1998). செய்யாத திருட்டுக்காக ஒரு பையனை முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அங்கே தினமும் ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்ட வேண்டும், ஏன் வெட்டுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. அத்தியாயங்கள் ரொம்பச் சின்னச் சின்னவை, அதனாலேயே வாசிக்காத பிள்ளைகள் அதில் ஏறிக்கொள்கிறார்கள். அது பிடித்தால் லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' (1993). தமிழில் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' அவன் வயதுக்கும் அதற்குக் கொஞ்சம் கீழும் பொருந்தும், 2020இல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய விருது பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பயமுறுத்தாமல் பேசுகிறது, பையன்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேலேயே வந்திருக்கும். இதைப் பட்டியலாக எழுதி அலமாரியில் ஒட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. இரண்டோ மூன்றோ எடுத்து அவள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், அவளே பொறுக்கட்டும். ஐம்பது பக்கம் வாசித்தும் ஒட்டவில்லை என்றால் மூடிவிடலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, இதை முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். மூட உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் தைரியமாகத் திறக்கும்.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் அலமாரியிலேயே இருக்கட்டும், யாருக்கும் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். அது 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர், அடுத்த வாரம் வரை ஜனங்களைக் காக்க வைக்கிற மாதிரி அத்தியாயத்துக்கு அத்தியாயம் முடிச்சுப் போட்டு எழுதப்பட்டது, அதை ஐந்து தடிமனான புத்தகமாக ஒரே நாளில் பார்த்தால் யாருக்குமே மலைப்பாகத்தான் இருக்கும். கல்கியேதான் வேண்டுமென்றால் 'பார்த்திபன் கனவு' அதைவிட எவ்வளவோ சின்னது, அதை முதலில் கொடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் முதல் பாகத்தை மட்டும் நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் சத்தமாக வாசியுங்கள், அவளுக்காக என்று சொல்லாமல், நீங்கள் வாசிக்க ஆசைப்பட்டதாகவே சொல்லி. வந்தியத்தேவன் குதிரையில் ஏரிக்கரையோரம் வருகிற அந்த முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குங்கள். பையனும் பக்கத்தில் வந்து உட்கார வாய்ப்பு இருக்கிறது. ஒரு மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள், அவள் என்ன சொன்னாள் என்பதையும் அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசிப்போம்.